கவி சொல்லச் சொல்ல

மேதா கேட்டிருந்த பட்டியலை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு வயது நான்கு மாதம் ஆன என் மகள் கவிப்ரியா அதுவரை பேசியிருந்த சொற்கள் அத்தனையும் அதில் இருந்தன. எழுதி முடித்த பிறகும் தாள் முக்கால்வாசி வெள்ளையாகவே இருந்தது.

மேதா, பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். யூசுஃப் சராயில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சிறிய அறை. சென்னைக் குடும்பம்தான் என்றாலும் பிறந்து வளர்ந்தது டில்லியில். தமிழ் பேசுவார், படிக்க வராது.

"நீங்களே படிச்சிடுங்கோ மம்மா," என்றார். அங்கே வரும் குழந்தைகளின் அம்மாக்கள் எல்லோரும் அவருக்கு மம்மாதான்.

படித்தேன். அம்மா, அப்பா, பால், பூ, காக்கா, வா, தா, சூ, டாட்டா, நோ, பையா. கடைசிச் சொல் ஹிந்தி 'அண்ணா', எங்கள் வாசலுக்குக் காய்கறி கொண்டுவருகிறவருக்கு உரியது.

மேதா விரல் விட்டு எண்ணினார். "லெவன். அச்சா. காது டெஸ்ட் நார்மல். நாம சொல்றதெல்லாம் அவளுக்குப் புரியறது. அதனால பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா இந்த வயசுல அம்பது வார்த்தையாவது இருந்தா நன்னா இருக்கும். ரெண்டு ரெண்டா சேர்க்க ஆரம்பிக்கணும். பால் தா, அப்பா வா, அந்த மாதிரி. வீட்டுல அவகிட்ட எவ்வளவு பேசுவேள்?"

நான் என் கணவர் கதிரவனைப் பார்த்தேன்.

"இவ எங்கிட்டயே பேச மாட்டா டாக்டர்," என்றார் அவர். "நான் சைட்டுல இருந்து வர்றதுக்குள்ள புள்ள தூங்கிரும். வீட்ல ரெண்டு பேரும் அமைதியா இருப்பாங்க. அமைதின்னா அமைதி, லைப்ரரி மாதிரி."

மேதா சிரித்தார். நானும் சிரிப்பது போல உதட்டை விரித்தேன். கவி மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடி, யாருக்கும் புரியாத ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கதிரவன் கிளம்பும்போது, தன் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டார். "பகல்ல புள்ளைய விடுற க்ரெஷ் மேடம் சொல்றாங்க, வீட்ல தமிழ், வெளிய ஹிந்தின்னா புள்ளைக்குக் குழப்பமாம். வீட்லயும் ஹிந்தியே பேசுங்கன்னு. பேசிரலாமா டாக்டர்?"

"அப்படியெல்லாம் இல்ல. ரெண்டு பாஷை கேக்கறதால பேச்சு லேட் ஆகாது. நீங்க எதுல கோபப்படுவேளோ, எதுல கொஞ்சுவேளோ, அதுலயே பேசுங்கோ. தனியா உக்காந்து பாடம் எடுக்க வேண்டாம். குளிப்பாட்டறச்சே, சட்டை போடறச்சே, சமைக்கறச்சே, விளையாடறச்சே பேசினா போறும். அவ எதைப் பாக்கறாளோ அதைப் பத்திப் பேசுங்கோ. பேசிட்டு, நிறுத்துங்கோ. அவளுக்கு டைம் குடுங்கோ. பிப்ரவரி பத்தாம் தேதி திரும்பப் பாக்கலாம்."

ஆட்டோவில் கதிரவன் கவியைத் தன் ஸ்வெட்டருக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். நவம்பர் மாதப் புகை சாலையில் கிடந்தது.

"டாக்டர் சொல்றது சரிதான் மது. ஆனா நர்சரி சேக்கணும்ல? பிப்ரவரி வரைக்கும் பாப்போம். அப்பவும் ரெண்டு வார்த்தை சேரலன்னா ஹிந்திக்கு மாறிருவோம். ஏதாச்சும் ஒரு பாஷையில புள்ள வாயத் திறக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகச் சொன்னார். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

எனக்கு ஹிந்தி வரும். பத்து வருடமாக அதில் விடுப்புக் கேட்கிறேன், தக்காளிக்கு விலை பேசுகிறேன், லிஃப்ட் நின்றுவிட்டால் புகார் சொல்கிறேன். ஆனால் ஒரு குழந்தையின் வயிற்றில் வாயை வைத்து ஊதிவிட்டு, அதன் பிறகு ஹிந்தியில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஊதுவது வரை எல்லா மொழியும் ஒன்றுதான். அடுத்த நொடியில் வரும் அந்த அர்த்தமில்லாத கொஞ்சலுக்கு எனக்கு ஒரு மொழிதான் இருந்தது. அதையும் நான் இதுவரை அவளிடம் பெரிதாகச் செலவழிக்கவில்லை என்பது அந்த ஆட்டோவில் உறைத்தது.

நான் ஒரு ஸ்டெனோகிராஃபர். மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில், அதிகாரிகள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து தருவது என் வேலை. விருதுநகரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தபோது மற்ற பெண்கள் வேகத்துக்குப் பயந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. பேசாமல் இருப்பதற்கென்றே ஓர் உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஓர் அறையில் எல்லோரும் பேசும்போது நீ ஏன் பேசவில்லை என்று கேட்கப்படாத ஒரே ஆள் ஸ்டெனோதான்.

கவி கைக்குழந்தையாக இருந்தபோது, லிஃப்டில் பார்ப்பவர்கள் "எவ்வளவு சமர்த்து, சத்தமே இல்லையே" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். என்னைப் போலவே ஒருத்தி என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாளே பேச ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் மெட்ரோவில் வரும்போது, என்ன பேசுவது என்று குறிப்பு எழுதிக்கொண்டேன். அதுதான் என் புத்தி.

"கவி, இப்ப நாம குளிக்கப் போறோம். இது வாளி. வாளி நீல நிறம். இது வெந்நீர். அம்மா ஒரு மக் தண்ணி எடுக்கிறேன். தலையில ஊத்துறேன். இது சோப்பு. சோப்பு வழுக்கும். அடுத்ததா முதுகு தேய்க்கிறோம்."

நிமிடத்துக்கு நூறு சொல் வேகம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கவி மக்கைக் கவிழ்த்துப் பிடித்தபடி என்னை அண்ணாந்து பார்த்தாள். யாரோ தெரியாத அத்தை குளிப்பாட்டுகிறாள் என்பது போன்ற பார்வை.

வெளியே இருந்து கதிரவன் குரல் கொடுத்தார். "மது, செய்தி முடிஞ்சதும் வானிலை உண்டா?"

"வேணும்னா நீங்க வந்து பேசுங்களேன்."

"நான் வேற முறை வச்சிருக்கேன்."

அவருடைய முறை சரோஜினி நகர் மார்க்கெட்டிலிருந்து வந்தது. விலங்குப் படம் போட்ட ஐம்பது அட்டைகள். அவர் அரசுக் கட்டடங்களைப் பார்வையிடும் ஜூனியர் இன்ஜினியர். எதையும் வரிசைப்படி பரிசோதிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை கவியை எதிரே உட்காரவைத்து, "இது என்ன? சொல்லு, இது என்ன?" என்று ஒவ்வோர் அட்டையாகத் தூக்கிக் காட்டினார். கவி பொறுமையாகப் பத்து அட்டை வரை பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் வாங்கி, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒட்டகம் போயிற்று, யானை போயிற்று. கடைசி அட்டையும் போனதும் வெறும் கைகளை விரித்துக் காட்டி ஏதோ சொன்னாள்.

"என்னமோ சொல்லுதே," என்றார் கதிரவன்.

"அது வழக்கமா சொல்றதுதான். சும்மா உளறல்," என்றேன் நான். அந்தப் பதிலை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. நான் பேசப் பேச அவள் பேச்சு குறைந்ததாகவே எனக்குப் பட்டது. பட்டியலில் ஒரே ஒரு சொல் கூடியிருந்தது.

டிசம்பரில் எங்கள் அலுவலகப் புல்வெளி உணவு இடைவேளையில் நிறைந்துவிடும். வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் உண்டு. ஆரஞ்சு உரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பெரும்பான்மை பட்டாணிதான். வாசலில் பச்சைப் பட்டாணி வாங்கி, ஃபைல் கட்டும் துணியை விரித்து, அரை மணி நேரத்தில் இரண்டு கிலோ உரித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். நானும் வத்சலாவும் ஒரு துணியைப் பகிர்ந்துகொள்வோம். வத்சலாவும் ஸ்டெனோதான், என்னைவிட ஐந்து வருடம் மூத்தவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அன்று நான்தான் பேசினேன். குளியலறைச் செய்தி அறிக்கையைச் சொன்னேன். அட்டைகளைச் சொன்னேன். பிப்ரவரி பத்தையும் ஹிந்தியையும் சொன்னேன்.

வத்சலா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "ஏண்டி, குழந்தைக்கு டிக்டேஷனா குடுக்கறே? சரியாப் போச்சு. நாம டிக்டேஷன் எடுக்கறவாடி. குடுக்கறவா இல்ல. நம்ம ஜாதிக்கே அது வராது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லிவிட்டு, அடுத்து தன் நாத்தனார் கதைக்குப் போய்விட்டாள். நான் கையில் ஒரு தோலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு புது நோட்டுப் புத்தகத்தையும் கூர் சீவிய இரண்டு பென்சில்களையும் எடுத்துக்கொண்டு கவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அமைச்சர் கூட்டத்துக்குப் போகும்போதுகூட அவ்வளவு கவனமாக நான் பென்சில் சீவியதில்லை.

சுருக்கெழுத்தின் அழகே அதற்கு அர்த்தம் தேவையில்லை என்பதுதான். காதில் விழும் ஒலி எதுவோ அதுதான் கோடு. பால் என்பதன் மெல்லிய ப-வுக்கு மெல்லிய கோடு, பையா என்பதன் அழுத்தமான ப-வுக்கு அழுத்திய கோடு, பக்கத்தில் உயிரொலிக்கு ஒரு புள்ளி. எந்த மொழி, சரியான சொல்லா தவறான சொல்லா என்றெல்லாம் அது விசாரிக்காது. ஆகவே என் மகள் சொன்னது எதுவாக இருந்தாலும் என் பென்சில் எடுத்துக்கொண்டது. ஓரத்தில், அவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு வரி குறித்தேன். குளிக்கும்போது. செருப்பு மாட்டும்போது. பால்கனி வெயிலில் நானும் அவளும் பட்டாணி உரிக்கும்போது. இரண்டு நாள் நான் எதையும் கேட்கவில்லை, எதையும் விளக்கவில்லை. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அலுவலகத்தில் இருபது பேருக்குச் செய்கிற மரியாதையை வீட்டில் முதல் முறையாகச் செய்கிறேன் என்று தோன்றியபோது வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். நான் சும்மா இருந்ததும் அவள் நிறையப் பேசினாள். பட்டாணித் தோலைப் பிளந்து உள்ளே பார்த்துப் பேசினாள். மணிகளைக் கிண்ணத்தில் தள்ளிவிட்டுப் பேசினாள். பேசிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பென்சில் ஓடுவதைப் பார்த்துவிட்டு மேலும் பேசினாள். சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். பென்சில் ஓடினால் அவர்களுக்குப் பேச்சு வரும்.

திங்கட்கிழமை காலை ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் நோட்டைத் திறந்தேன். எடுத்ததை ஒரு முறை படித்துப் பார்ப்பது தொழில் பழக்கம். ஜோர் பாக் வருவதற்குள் ஒரே மாதிரிக் கோடு ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அழுத்திய சிறு கோடு, பிறகு ஒரு வளைவு. டும்மா.

எண்ணினேன். இரண்டு நாளில் பதினாறு டும்மா. ஓரக் குறிப்புகளைப் படித்தேன். மக்கைக் கவிழ்த்தபோது. பால் டம்ளரைக் கீழே வைத்தபோது. பட்டாணித் தோல் வெறுமையாக ஆனபோது. அப்பாவின் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது. பவுடர் டப்பாவைத் தட்டியபோது.

உள்ளே ஒன்றும் இல்லை. தீர்ந்துவிட்டது. காலி.

அட்டைகள் எல்லாம் இடுக்கில் போன பிறகு விரித்துக் காட்டிய அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அவள் அப்பாவிடம் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். நான் அதற்கு உளறல் என்று பெயர் வைத்தேன்.

டும்மா மட்டும் இல்லை. வெளியே போக வேண்டும் என்பதற்கு ஒரு சொல் இருந்தது. கீழே விழுந்ததற்கு ஒன்று. சூடு என்பதற்கு, கோணலாக இருப்பதற்கு, பால்கனிக்கு வரும் புறாவுக்கு, எனக்கும் வேண்டும் என்பதற்கு. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று இன்றுவரை தெரியாது. தமிழிலும் இல்லை, ஹிந்தியிலும் இல்லை. யாரும் கொடுக்காததால் தானே செய்துகொண்டாள் போலிருக்கிறது. நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மத்திய தலைமைச் செயலகம் வரை போய்விட்டேன். திரும்பி நடந்து வந்து, பத்து வருடத்தில் முதல் முறையாகத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை கவி சமையலறைத் தரையில் கரண்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் ரசம் தீர்ந்த பாத்திரத்தைச் சாய்த்து அவளுக்குக் காட்டி, "டும்மா," என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு ஈரக் கைகள் இரண்டாலும் என் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக, "டும்மா?" என்றாள்.

"டும்மா," என்றேன். "காலி."

நான் டில்லி வந்த முதல் வருடம் யாரையும் தெரியாது. சரோஜினி நகர் மார்க்கெட் நெரிசலில் ஒருநாள் ஒரு சுடிதாரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் யாரிடமோ, "அது சாயம் போயிரும்டி, வச்சிட்டு வா," என்றாள். நான் திரும்பிய வேகத்தில் கையிலிருந்த துணி விழுந்துவிட்டது. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அடுத்த மூன்று கடை வரை அவர்கள் பின்னாலேயே நடந்தேன். கவியின் முகத்தில் அன்று அதைத்தான் பார்த்தேன். இத்தனை நாள் தனியாக இருந்த ஊரில் தன் பாஷை பேசும் ஆள் ஒருத்தி வந்துவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் அவள் காட்டாத காலிப் பொருளே இல்லை. வாளி, பை, செருப்பு, அப்பாவின் ஹெல்மெட், ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் குழி. ஒவ்வொன்றுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றுக்கும் நான், "டும்மா. பை காலி," என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். நிறுத்துவது எனக்கு எப்போதும் கைவந்த விஷயம். அதில் ஒரு பயன் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கதிரவன் இதை முதலில் ரசித்தார். நான் எழுதிக் கொடுத்த சொற்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, சைட்டுக்குக் கிளம்பும்போது ஒரு முறை பார்த்துக்கொள்வார். ஆனால் அவருக்கு உச்சரிப்பு வரவில்லை.

"டுமா," என்பார் காலித் தட்டைக் காட்டி.

"டும்ம்ம்மா," என்பாள் கவி, கண்டிப்பாக.

"டும்மா?"

அவள் திருப்தியில்லாமல் என்னைப் பார்ப்பாள், இவரை என்ன செய்வது என்பது போல.

"எனக்கே பாடம் எடுக்குது பாரு," என்று சிரிப்பார். ஆனால் பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒண்ணு கேக்கவா மது? அது பேசுறதையே நாமளும் பேசிட்டிருந்தா, அது எப்ப நம்ம பேச்சுக்கு வரும்? க்ரெஷ்ல போயி டும்மான்னா யாருக்குத் தெரியும்?"

"ரெண்டும்தானங்க சொல்றேன். அவ வார்த்தையும் சொல்றேன், நம்ம வார்த்தையும் சொல்றேன்."

"சரி. ரெண்டு வார்த்தை சேந்திச்சா?"

சேரவில்லை. நோட்டில் முப்பத்தெட்டு சொற்கள் இருந்தன. காலி, மூடு, பட்டாணி, புறா என்று நம் சொற்களும் ஒவ்வொன்றாக உள்ளே வந்திருந்தன. ஆனால் எல்லாம் தனித்தனியாக நின்றன, பஸ் ஸ்டாப்பில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் நிற்பது போல. நான் ராகம் போட்டுச் சேர்த்துச் சொன்னேன். தொப்பியைப் போட்டு, செருப்பை மாட்டி, லிஃப்டில் எட்டாவது மாடியிலிருந்து கீழே வரும்வரை ஒவ்வொரு மாடிக்கும் டாட்டா சொல்லிச் சேர்த்துக் காட்டினேன். "ஏழு டாட்டா. ஆறு டாட்டா." அவள் "டாட்டா" மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணை என்னிடமே விட்டுவிட்டாள். லிஃப்டில் வருகிறவர்கள்கூட மாடிகளுக்கு டாட்டா சொல்ல ஆரம்பித்தார்கள். ஆறாவது மாடி வெங்கடராமன் சார் தவறாமல் சொன்னார். கவி சேர்க்கவில்லை.

பிப்ரவரி பத்து வந்தது. மேதாவின் அறையில் அதே மேசை, அதே பிளாஸ்டிக் டப்பா. கவி நேராக மேசைக்கு அடியில் போய்விட்டாள். மேதா பந்தை உருட்டினார், பொம்மையைத் தூங்க வைத்தார், நாய் மாதிரி குரைத்தார். கவி வாயைத் திறக்கவில்லை. கதிரவன் கால் மாற்றிக் கால் போட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இட்ஸ் ஓகே," என்றார் மேதா. "லிஸ்ட் கொண்டு வந்தேளா?"

பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பினார்.

"மம்மா, எனக்குத் தமிழ் படிக்க வராதுதான். ஆனா இது தமிழே இல்லையே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ வருடமாக, எடுத்ததைத் தட்டச்சு செய்யாமல் ஒரு மேசைக்கும் நான் அனுப்பியதில்லை. இரண்டு மாதம் என் மகள் சொன்னதை எடுத்தவள், ஃபிரிட்ஜ் கதவுக்குச் சில சொற்களை எழுதியதோடு சரி, நோட்டைப் பெயர்த்து எழுதவே மறந்துவிட்டேன். எனக்கு அது படிக்கும்படியாகவே இருந்ததால், உலகத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

"ஷார்ட்ஹேண்ட்," என்றேன் முனகலாக.

கதிரவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! கொசு மைய மிதிச்சிட்டுப் பேப்பர் மேல நடந்த மாதிரி இருக்கு டாக்டர். வீட்ல ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்கு, போட்டோ எடுத்திருக்கலாம்."

மேதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பரவாயில்ல. ஜல்தி ஒண்ணும் இல்ல. நீங்களே படிச்சுக் காட்டுங்கோ. ஆரம்பத்திலிருந்து."

எழுந்து நின்றேன். அதிகாரி படிக்கச் சொன்னால் நின்று படித்துப் பழக்கம். நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தேன்.

"டிசம்பர் பதினாலு, குளியல். மக்கைக் கவிழ்த்து, டும்மா. பதினாலு, பால்கனி. புறாவைப் பார்த்து, குகியா. பட்டாணி கீழே விழுந்ததும், ப்ளா. தோலைப் பிளந்து பார்த்து, டும்மா."

மேசைக்கு அடியில் டப்பா மூடும் சத்தம் நின்றது.

"ஒரு நிமிஷம்," என்றார் மேதா. "டும்மான்னா எப்பவும் காலிதானா? வேற எதுக்காவது சொல்றாளா?"

"எப்பவும் காலிதான்."

"அப்போ அது வார்த்தைதான் மம்மா. ஒரே சத்தம், ஒரே அர்த்தம். டிக்‌ஷனரில இருக்கணும்னு அவசியம் இல்ல. நான் எண்ணிக்கறேன். மேல படிங்கோ."

படித்தேன். என் குரல் அலுவலகத்தில் இருப்பது போலவே ஏற்றம் இறக்கம் இல்லாமல்தான் இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க அந்த நாட்கள் ஒவ்வொன்றும் எதிரே வந்து நின்றன. வெயில், பட்டாணி வாசம், ஈரக் கால்கள். எனக்கு அத்தனை பேர் அத்தனை வருடம் டிக்டேஷன் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதைக்கூட நான் இப்படிப் பாதுகாத்ததில்லை.

கவி மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். தான் சொன்னதெல்லாம் தேதி வாரியாகத் திரும்பி வருவதை வாயைப் பிளந்து கேட்டாள். நான் "குகியா" என்றபோது ஜன்னலைப் பார்த்தாள். "ப்ளா" என்றபோது பந்தைக் கீழே போட்டுச் சரிபார்த்தாள்.

"டிசம்பர் முப்பது. அப்பா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, டும்மா," என்று படித்தேன்.

கவி தன் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே மேதாவின் மரக்கட்டைகள் நான்கைந்து கிடந்தன. அவள் எழுந்து வந்து, டப்பாவை என் நோட்டின் மேல் வைத்து, அலுவலகத்தில் பிழை கண்டுபிடித்த அதிகாரி போல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டும்மா இல்ல," என்றாள்.

கதிரவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"இல்லன்னு சொல்லுது மது. டும்மா இல்லங்குது. அதுக்குள்ள கட்டை இருக்குல்ல, அதான். சேத்திருச்சு! ரெண்டு வார்த்தை சேத்திருச்சு!"

"பப்பா, மெதுவா," என்று மேதா உதட்டில் விரல் வைத்தார். அவர் கண்களும் விரிந்துதான் இருந்தன. கவியிடம் குனிந்து, "டும்மா இல்லையா? என்ன இருக்கு?" என்று டப்பாவுக்குள் பார்த்தார்.

"கட்ட," என்றாள் கவி. "கட்ட இக்கு."

மேதா பேனாவை எடுத்துத் தன் ஃபைலில் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் 'டும்மா இல்ல' என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"ஹிந்திக்கு மாறணுமா டாக்டர்?" என்றேன். கேள்வி அவருக்குத்தான். ஆனால் பார்த்தது கதிரவனை.

மேதா பதில் சொல்வதற்குள் கதிரவன், "எதுக்கு?" என்றார். "எனக்கு இந்தப் பாஷையே இன்னும் சரியா வரல. இதுக்கு மேல இன்னொண்ணா?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் கவியை என் மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே வெயில் நன்றாக அடித்தது. தள்ளுவண்டிகளில் பட்டாணி குறைந்து கேரட்டும் கொய்யாவும் வந்திருந்தன. அதைச் சொன்னேன். நாளைக்கு முதல் வேலையாக நோட்டைப் பெயர்த்து எழுத வேண்டும் என்று சொன்னேன். வத்சலாவிடம் இதைச் சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்பதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். சாலையோரம் ஒரு நாய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றதைக் காட்டினேன். மேதா நோட்டைத் தலைகீழாகத் திருப்பியதை இரண்டு முறை சொன்னேன். ஆட்டோ சிக்னலில் நின்றபோதுதான், கதிரவன் ஒரு வார்த்தையும் பேசாமல் வாயில் சிரிப்போடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். யூசுஃப் சராயிலிருந்து அதுவரை நான் நிறுத்தவே இல்லை.

நிறுத்தினேன். நிறுத்தியது பழக்கமில்லாத மாதிரி இருந்தது.

கவி மடியில் திரும்பி உட்கார்ந்தாள். குட்டை விரல்களால் என் கீழுதட்டைப் பிடித்து இழுத்து, ஷூவுக்குள் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து என் வாய்க்குள் பார்த்தாள்.

"டும்மா?" என்றாள்.

"டும்மா இல்ல," என்றேன், உதடு அவள் பிடியில் இருந்தபடியே. "இன்னும் நிறைய இருக்கு."